குரூப்பில் ‘சரிங்க’ போடக் கூடாது

என் தொழில் லேபிள். பனியனின் உள்பக்கம் விலாவோரம் தைத்திருக்குமே, உறுத்துகிறது என்று நீங்கள் முதல் நாளே கத்தரித்து எறிவீர்களே, அந்தச் சின்னத் துணிதான். இரண்டு விரல் அகலத்துக்குள் எந்தச் சூட்டில் துவைக்க வேண்டும், வெளுக்கலாமா, இஸ்திரி போடலாமா, எத்தனை பங்கு பருத்தி, எந்த நாட்டில் தைத்தது என்று எல்லாவற்றையும் நான் சொல்லியாக வேண்டும். ஒரு வார்த்தை கூடினாலும் கடைசி வரி மடிப்புக்குள் போய்விடும். இருபது வருடமாக இதையே செய்கிறவளுக்கு வளவளவென்று எழுதுகிறவர்களைக் கண்டால் எப்படி இருக்கும்? கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால்கூட, மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் எதையெல்லாம் வெட்டலாம் என்றுதான் என் கண் தேடும்.

எங்கள் பனியன் ஊரில் மண்ணரைப் பக்கம் சின்னச் சின்னத் தையல் யூனிட் வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறோம். இருநூறு பேருக்குக் கொஞ்சம் குறைவு. யாருக்கு ஓவர்லாக் டெய்லர் வேண்டும், யாரிடம் மெஷின் சும்மா நிற்கிறது, யாருக்கு வேலை அதிகமாகி அதில் பாதியைத் தைத்துக் கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்பதெல்லாம் அதில்தான் வரும். ஒழுங்காகப் படித்தால் பிழைப்புக்கு ஆகும். ஆனால் ஒழுங்காகப் படிக்க முடிந்தால்தானே!

எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதை ஊரறிந்தது. நாயை விரட்டினாலும் ‘போங்க’ என்றுதான் விரட்டுவோம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அது பொய்தான் என்றாலும் முழுப் பொய் இல்லை. ஒருவர் ஒன்று சொல்லி, கேட்டவர் வாயைத் திறக்காமல் போனால் எங்களுக்கு அது பெரிய குற்றம். அதனால் காலையில் ஒருவர் ‘செக்கிங்குக்கு ரெண்டு ஆள் வேணுமுங்க’ என்று குரூப்பில் போட்டால், அவருக்கு ஆள் கிடைக்கிறதோ இல்லையோ, மணி எட்டாவதற்குள் அறுபது ‘சரிங்க’ கிடைத்துவிடும். இடையில் நாற்பது கும்பிடு, இருபது பூங்கொத்து. அதற்கடியில் வேறு யாராவது அவசரமாக ஏதாவது கேட்டிருந்தால், அது குப்பைமேட்டில் விழுந்த ஊசிதான்.

இதில் எல்லோருக்கும் தலைவர் ஒருவர் இருந்தார். குரூப்பைத் தொடங்கியவரே அவர்தான். நான் அவருக்கு மனதுக்குள் ‘நல்லதுங்க அண்ணன்’ என்று பெயர் வைத்திருந்தேன். ஒரு காலத்தில் மண்ணரையில் முப்பது மெஷின் ஓட்டியவர். ஆர்டர் குறைந்த சமயத்தில் மெஷின்களை ஒவ்வொன்றாக விற்று, கடைசியில் ஷெட்டைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடமாக அவருக்குத் தொழில் இல்லை. ஆனால் குரூப்பில் யார் எதைப் போட்டாலும் அடுத்த நிமிடம் ‘நல்லதுங்க’ என்று அவரிடமிருந்து பதில் வரும். டெய்லர் கிடைத்தார் என்றாலும் நல்லதுங்க, டெய்லர் ஓடிப்போனார் என்றாலும் நல்லதுங்க. வேலையில்லாத மனிதர், விரலுக்காவது வேலை கொடுக்கிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன். அப்போது படவில்லை.

நான் பொறுமை இழந்தது நான்கு ரோல் துணியால்.

சாயம் போடும் டையிங்கிலிருந்து துணி ஏற்றிவந்த வேன்காரர், ஒரு யூனிட்டில் இறக்க வேண்டிய நான்கு ரோலை வேறொரு யூனிட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அந்த யூனிட்காரர் யோக்கியர். அன்றைக்கே குரூப்பில் போட்டுவிட்டார். எப்படிப் போட்டார் என்பதுதான் சங்கதி. முருகன் துணை என்று தொடங்கி, எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்லி, தொந்தரவு செய்வதற்கு மன்னிப்புக் கேட்டு, இடுப்பு வலியால் நான்கு நாளாகக் குரூப் பக்கம் வர முடியவில்லை என்று விளக்கி, வலிக்குக் காங்கேயத்தில் ஒரு வைத்தியர் எண்ணெய் கொடுத்ததைச் சொல்லி, அந்த எண்ணெயின் வாசத்தையும் சொல்லி, பதினான்காவது வரியில் ‘நீலக் கலர் நாலு ரோலு நம்முளது இல்லாதது இங்க கெடக்குதுங்க யாருதுன்னு தெரியலீங்க’ என்று எழுதியிருந்தார். நடுவில் ஒரு புள்ளி கிடையாது. போனில் முதல் நான்கைந்து வரிதான் தெரியும், மிச்சத்தைத் தொட்டுத் திறக்க வேண்டும். யார் திறப்பார்கள்? முருகன் துணை என்பதைப் பார்த்துவிட்டு எல்லோரும் கும்பிடு போட்டார்கள்.

அந்தத் துணியின் சொந்தக்காரரும் கும்பிடு போட்டார்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, எங்கள் ஊரில் டெய்லர்களைச் சேர்த்து கான்ட்ராக்ட் எடுத்து, பிறகு சொந்த யூனிட் போட்டவர். இரண்டு நாள் டையிங் டையிங்காக அலைந்து, வேன்காரரிடம் சண்டை போட்டு, கட்டிங் டேபிளைச் சும்மா போட்டுவிட்டு வெறிபிடித்துத் திரிந்திருக்கிறார். மூன்றாம் நாள் ஒரு பேக்கரியில் டீ குடிக்கும்போது, இடுப்பு வலிக்காரர் யதேச்சையாகப் பக்கத்தில் நின்று ரோலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தூத்துக்குடிக்காரர் அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தார்.

“யக்கா, எங்கிட்டயே எந்துணி யாருதுன்னு கேட்டிருக்காவ, நான் கும்பிடு போட்டுருக்கேன். இந்தக் குரூப்ப வச்சி என்ன செய்யதுக்கு? நீங்கதான் சுருக்கா எழுதுத ஆளு. ஒரு ரூலு போடுங்க.”

கேட்க வேண்டுமா? கரும்பு தின்னக் கூலி. குரூப்பில் நானும் ஒரு அட்மின்தான். அன்றைக்குப் பிற்பகலே ஏழு ரூல் எழுதிவிட்டேன். முதல் வரியிலேயே விஷயம் வர வேண்டும். ஒரு மெசேஜில் ஒரு விஷயம்தான். எந்த இடம், எத்தனை ஆள், எத்தனை பீஸ் என்பதைத் தனித்தனி வரியில் எழுத வேண்டும். வாக்கியம் முடிந்தால் புள்ளி வைக்க வேண்டும், புள்ளியை யாரும் விலைக்கு விற்கவில்லை. பேசி அனுப்பக் கூடாது. சாமிப் படம், பூப் படம் ஆகாது. ஏழாவதுதான் என் செல்லப்பிள்ளை: குரூப்பில் சரிங்க, நல்லதுங்க, ஆமாங்க, கும்பிடு எதுவும் போடக் கூடாது, சொல்ல வேண்டியதை அவரவர் நம்பருக்கு நேராகச் சொல்லிக்கொள்ளவும்.

இடுப்பு வலிக்காரர் முதல் ஆளாகப் பதில் போட்டார்: ‘சரிங்க, இனிமேலு சரிங்க போட மாட்டமுங்க.’ அதற்குக் கீழே எழுபது பேர் சரிங்க போட்டார்கள்.

விட்டேனா? என்னிடம்தான் லேபிள் குறிகள் இருக்கின்றனவே. முக்கோணத்தின் மேல் குறுக்குக்கோடு போட்டால் வெளுக்காதே என்று அர்த்தம். இஸ்திரிப்பெட்டியின் மேல் போட்டால் தேய்க்காதே. யாராவது ரூலை மீறினால் ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் படத்தில் ஒன்றை எடுத்து அவருடைய மெசேஜுக்குக் கீழே ஒட்டுவேன். முழ நீளத்துக்கு எழுதியவருக்கு முறுக்கிப் பிழியாதே. இதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், அப்புறம் பயந்தார்கள், அப்புறம் அடங்கினார்கள். நல்லதுங்க அண்ணனுக்கு மட்டும் பெரிய மனிதர் ஆயிற்றே என்று தனியாக எழுதினேன்: ‘அண்ணா, ரூல் ஏழு.’ ‘சரிங்க அம்மிணி’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதன்பின் குரூப்பில் அவர் சத்தமே இல்லை.

ஒரே மாதத்தில் குரூப் கழுவித் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாளைக்குப் பத்து மெசேஜ், பத்தும் முத்து. நான் காலையில் காபியும் கையுமாக அதைத் திறந்து பார்த்துப் பூரித்துப்போவேன். என் வீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னம்மிணி இது, எழவு ஊடாட்ட இருக்குது?” என்றார். அவருக்கு ஒழுங்கு என்றால் என்னவென்று தெரியாது, பிரிண்டிங் மெஷினுக்குப் பக்கத்திலேயே டீ டம்ளரை வைக்கிற ஆள் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில், ஒரு திங்கட்கிழமை, நல்லதுங்க அண்ணனிடமிருந்து குரூப்பில் ஒரு மெசேஜ் வந்தது. முதல் வரி: ‘புது யூனிட் பூஜை.’ இரண்டாவது வரி: ‘இடம், மண்ணரை, பழைய ஷெட்.’ மூன்றாவது வரி: ‘வெள்ளிக்கிழமை காலை 6 மணி.’ நான்காவது வரி: ‘மெஷின் 6.’ ஐந்தாவது வரி: ‘அனைவரும் வரவும்.’ ஐந்து வரி, ஐந்து புள்ளி.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இரண்டு வருடம் கழித்து ஒரு மனிதர் மறுபடி தொழிலில் இறங்குகிறார் என்பதற்காக இல்லை. அது என் மண்டையில் ஏறவே இல்லை. புள்ளிக்காகத்தான் சந்தோஷம். அந்த மெசேஜை எடுத்துக் குரூப்பின் உச்சியில், எல்லோர் கண்ணிலும் படும்படி குத்திவைத்து, ‘மெசேஜ் என்றால் இப்படி இருக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக் கற்றுக்கொள்ளவும்’ என்று கீழே எழுதினேன். வருகிறேன் என்று அவருக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அவர் புது யூனிட்டுக்கு லேபிள் வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். அதற்கான அச்சையும் தயார் செய்துவிட்டேன். போகத்தானே போகிறோம், சொல்ல என்ன இருக்கிறது?

புதன்கிழமை மத்தியானம் அவர் போன் செய்தார்.

“அம்மிணி, அந்த லேபிளு இப்ப வேண்டாமுங்க. பூஜை கொஞ்சம் தள்ளிப் போகுதுங்க.”

“எப்பத்திக்குங்ணா?”

“பாக்கலாமுங்க.”

எங்கள் பக்கத்தில் ஒருவர் ‘பாக்கலாமுங்க’ என்றால் அந்தப் பேச்சு முடிந்தது என்று பொருள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அச்சு எடுத்தாயிற்று, ரிப்பன் ஏற்றியாயிற்று, இப்போது வேண்டாம் என்றால்? நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்று வண்டியை எடுத்தேன். மரியாதையாகத்தான் கேட்பேன், ஆனால் கேட்காமல் விடமாட்டேன்.

ஷெட்டுக்குள் புதுச் சுண்ணாம்பு வாசம். ஆறு மெஷின்களும் வரிசையாக, வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்காமல் நின்றன. அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க அம்மிணி” என்று அந்த ஸ்டூலை எனக்குத் தள்ளினார். அவர் மனைவி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் கோபத்தைத் தொடங்குவதற்குள் அவர் மனைவியே பேசிவிட்டார்.

“நாளைக்குக் காலைல மெஷினுக்காரரு வண்டி அனுப்பறேன்னிருக்கறாருங்க. எல்லாத்தையும் திருப்பி ஏத்திவுட்டர்லாம்னு இவுரு சொல்லிப்போட்டாரு.”

“ஏனுங்க்கா, என்னாச்சுங்க?”

“குரூப்புல போட்டு மூணு நாளாச்சுங்க. ஒருத்தருங்கூட ஒரு வார்த்தை சொல்லலீங்க. இவுரு ரெண்டு வருசமா ஒவ்வொருத்தரு போடறதுக்கும் நல்லதுங்க நல்லதுங்கன்னு போட்டுட்டு இருந்தாரு. இன்னிக்கு இவுரு போட்டா ஒரு நாதியில்ல.”

“நீ சும்மா இரு” என்றார் அவர் மனைவியிடம். பிறகு என் பக்கம் திரும்பி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி. ஆறு மெஷினு ஓடோணும்னா நாலு பேரு வேலை குடுக்கோணுமுங்க. பூஜைக்கு எட்டிப் பாக்கவே ஆளில்லீன்னா, வேலையா குடுக்கப் போறாங்க? ஓடாம நின்னுபோன ஆளுன்னு முடிவு பண்ணிப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க.”

ஸ்டூலில் உட்கார முடியவில்லை.

“அண்ணா, அது ரூலுனாலதானுங்க. ரூல் ஏழு. குரூப்புல யாரும் பதில் போடக் கூடாதுன்னு நான்தானுங்களே சொன்னேன்.”

“தெரியுமுங்க. உங்க ரூலு நல்ல ரூலுதானுங்க” என்றார் அவர். அந்த மரியாதையைக் கேட்டதற்குப் பதிலாக இரண்டு அறை வாங்கியிருக்கலாம். “மொதல் நாளு, ரூலுனாலதான் யாரும் போடலீன்னு நெனச்சனுங்க. ரெண்டாவது நாளும் அப்படித்தான் நெனச்சனுங்க. நேரா நம்பருக்குச் சொல்லச் சொல்லி ரூல்லயே இருக்குதுங்களே, ஒருத்தராவது கூப்புடுவாங்கன்னு பாத்தனுங்க. மூணாவது நாளு அப்படி நெனைக்க முடியலீங்க.”

ஒவ்வொருவரும் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நாம் கூப்பிடாவிட்டால் என்ன, இருநூறு பேர் கூப்பிட்டிருப்பார்கள், அந்த மனிதருக்குப் போனை வைக்க நேரமிருக்காது என்று நினைத்திருப்பார்கள். நானும் அந்த இருநூறில் ஒருத்தி. அவரோ, தானாக ஒருவரைக் கூப்பிட்டு வருவீர்களா என்று கேட்கிற ஆள் இல்லை. அப்படிக் கேட்டால் எதிராளியை இக்கட்டில் மாட்டிவிட்டதாக ஆகிவிடும். குரூப்பில் பதில் சொல்வது அவமரியாதை என்று நான் ஆக்கிவைத்தேன். கேட்பது அவமரியாதை என்று அவர் நினைத்தார். நடுவில் ஆறு மெஷின் பிளாஸ்டிக் தாளோடு நின்றுகொண்டிருந்தது.

“நீங்க அதை மேல குத்தி வெச்சீங்களாமா?” என்று கேட்டார் அவர் மனைவி. “பாத்துக் கத்துக்கோங்கன்னு எழுதியிருந்தீங்கன்னு இவுரு காட்டுனாருங்க.”

அவருக்குக் கோபம் இருந்ததா, வெறுமனே கேட்டாரா என்று குரலில் தெரியவில்லை. நான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

தெருமுனை பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்தி, அங்கேயே நின்றபடி போனில் தட்டத் தொடங்கினேன். அதை அப்படியே கீழே தருகிறேன். இருபது வருடமாக லேபிள் அடிப்பவள் எழுதியது என்று யாரும் நம்பப் போவதில்லை.

‘எல்லாத்துக்கும் வணக்கமுங்க நான் லேபிள்காரி பேசறேன் பேசலை எழுதறேன் இந்த பூஜை இருக்குதுல்லங்க வெள்ளிக்கிழமை அதுக்கு யாரும் ஒண்ணுமே சொல்லலைன்னு அண்ணன் நெனச்சுட்டாருங்க அது ரூலுனாலதானுங்க அந்த ரூலப் போட்டது நான்தானுங்க தப்பு எம்மேலதான் நாளைக்கு காலைல வண்டி வந்து ஆறு மெஷினையும் ஏத்திட்டுப் போயிருமுங்க இந்தக் குரூப்ப ஆரம்பிச்சதே அவுருதானுங்க நம்ம எல்லாத்துக்கும் ரெண்டு வருசமா நல்லதுங்க நல்லதுங்கன்னு சொன்னாருங்க இன்னிக்கு அவுருக்கு ஒருத்தரும் சொல்லலைன்னா நல்லாவாங்க இருக்குது வர முடியும்னா வர்றேன்னு சொல்லுங்க முடியலைன்னாலும் எதாச்சும் சொல்லுங்க மழை வர்றாப்பல இருக்குது பேக்கரில நின்னுட்டு எழுதறேன் தப்பிருந்தா மன்னிச்சுக்கோங்க எடம் மண்ணரை பழைய ஷெட்டுதானுங்க’

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அவரும் அதே குரூப்பில்தான் இருக்கிறார். ஷெட்டுக்குள் எனக்கு மட்டும் தலைகுனிந்து சொன்னதை, அவர் கண்ணெதிரில் இருநூறு பேருக்குத் தண்டோரா போட்டுவிட்டேன். முதல் வரியில் விஷயம் இல்லை. ஒரு மெசேஜில் ஐந்து விஷயம். புள்ளி ஒன்றுகூட இல்லை. என் ரூல்களில் ஒன்றையும் நான் உயிரோடு விடவில்லை.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று போன் காட்டிக்கொண்டிருந்தது. முப்பது பேர். ஐம்பது பேர். எழுபது பேர். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. டீ வந்தது, ஆடை கட்டியது. தொண்ணூறு பேர். நான் யாரிடமும் எதையும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள். அந்தக் கால் மணி நேரம் அந்த வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. எனக்குக் கால் மணி. அவருக்கு மூன்று நாள்.

கடைசியில் ஒரு பதில் வந்தது. தூத்துக்குடிக்காரர்.

‘யக்கா, ரூல் ஏழு இருக்கா, இல்லியா? மொதல்ல அதச் சொல்லுங்க.’

‘இல்லை’ என்று போட்டேன். அதுதான் நான் அந்தக் குரூப்பில் எழுதியதிலேயே சின்ன மெசேஜ்.

‘அப்பம் நான் வாரேன். என் டெய்லருவளையும் கூட்டிட்டு வாரேன். அண்ணாச்சி, எங்கிட்ட காலர் தைக்க வேல கெடக்கு. மெஷினத் திருப்பி அனுப்பிராதீய.’

அவ்வளவுதான், மடை உடைந்தது. வந்துடறமுங்க. குடும்பத்தோட வர்றமுங்க. தப்பா நெனச்சுட்டீங்களேங்க, போன் பண்ணலாம்னுதான் இருந்தனுங்க. நானும் அப்படித்தானுங்க. ஆமாங்க. ஆமாங்க. ஆமாங்க. கும்பிடு, பூங்கொத்து, ஒரு பச்சைக் கிளி. இடுப்பு வலிக்காரர் முருகன் துணையில் தொடங்கி முப்பது வரி எழுதினார். அந்த முப்பது வரியையும் தொட்டுத் திறந்து, கடைசிவரை படித்தேன். இடுப்பு இப்போது பரவாயில்லையாம், கட்டாயம் வருகிறாராம், அவர் யூனிட்டில் பாக்கெட் வைக்கிற வேலை மிச்சமிருக்கிறதாம். பேக்கரிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு டீ சொன்னேன்.

சாயங்காலத்துக்குள் நல்லதுங்க அண்ணன் பதில் போட ஆரம்பித்தார். மொத்தமாக ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போகிற ஆளா அவர்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவரவர் மெசேஜுக்குக் கீழே, ‘வாங்க’, ‘கண்டிப்பா வாங்க’, ‘ஊட்ல எல்லாத்தையும் கூட்டிட்டு வாங்க’. வியாழக்கிழமை மத்தியானம்வரை நடந்தது. மெஷினுக்காரர் வண்டி வரவில்லை என்று தூத்துக்குடிக்காரர் மூலமாகத் தெரிந்துகொண்டேன். என் போன் அன்று முழுக்கத் தறி மாதிரி தடதடத்தது. ஒன்றையும் நான் அழிக்கவில்லை.

என்னுடைய மெசேஜுக்கு மட்டும் அவர் பதில் போடவில்லை. மேலும் கீழும் தேடிப் பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்தவருக்குப் போட்டிருந்தார், எனக்குப் பின்னால் இருந்தவருக்கும் போட்டிருந்தார். நடுவில் என்னுடையது அநாதையாகக் கிடந்தது. தனியாகவும் எதுவும் எழுதவில்லை. சரி, மனிதருக்குக் கோபம். குடும்பக் கஷ்டத்தைச் சந்தி சிரிக்க வைத்தவளுக்கு எதற்குப் பதில் என்று விட்டிருப்பார். நியாயம்தான் என்று எனக்கே தோன்றியது, ஆனாலும் தாங்கவில்லை.

“எல்லாருக்கும் வாங்கன்னு போட்டுருக்கறாரு, உனக்குப் போடலியே. எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போவ?” என்றார் என் வீட்டுக்காரர், சந்தோஷமாக.

“நான் அட்மின்” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தச் சந்துக்குள் வண்டியை விட இடமில்லை. கம்பெனி வேன், ஸ்கூட்டர், யாரோ குடும்பத்தோடு ஏறிவந்த சரக்கு ஆட்டோ. ஷெட்டுக்குள் ஆறு மெஷின்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றியிருந்தது. அவர் மனைவி முதல் மெஷினில் உட்கார்ந்து, மஞ்சள் தொட்ட வெள்ளைத் துணியில் ஒரு கோடு தைத்தார். மெஷின் சத்தம் கேட்டதும் கூட்டத்தில் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். தூத்துக்குடிக்காரரோடு வந்த இந்திக்கார டெய்லர்கள்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்கள். அண்ணன் வெளுத்த வேட்டியில் வாசலில் நின்று, வருகிறவர் ஒவ்வொருவரையும் கைகூப்பி அழைத்துக்கொண்டிருந்தார். என்னையும் கைகூப்பினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

என்னால் அடக்க முடியவில்லை. கூட்டம் பந்திக்கு நகர்ந்ததும் அவரருகில் போனேன்.

“அண்ணா, மன்னிச்சுக்கோங்க. எல்லாத்துக்கும் முன்னால அப்படிப் போட்டிருக்கக் கூடாதுங்க. உங்குளுக்குக் கோவம் இருக்கும். அதனாலதான் எனக்கு மட்டும் பதில் போடலீங்களா?”

அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். “கோவமெல்லாம் இல்லீங்க அம்மிணி! உங்குளுதை ரெண்டு மூணு தடவை படிச்சனுங்க. புள்ளி இல்லாததுனால கொஞ்சம் செரமமாப் போச்சுங்க, அது கெடக்குது. எல்லாத்தையும் வரச் சொல்லி எழுதியிருந்தீங்க, நெம்ப சந்தோசமுங்க. ஆனா நீங்க வர்றேன்னு அதுல ஒரு எடத்துலயும் இல்லீங்களே. வர்றேன்னு சொல்லாதவங்களுக்கு நான் எப்படிங்க ‘வாங்க’ன்னு போடறது? கட்டாயப்படுத்தறாப்பல ஆயிருமுங்களே.”

அங்கேயே நின்று போனை எடுத்துத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படித்தேன். மழை இருந்தது, பேக்கரி இருந்தது. அவர் சொன்னது சரி. நான் வருகிறேன் என்பது மட்டும் இல்லை. அவர் அத்தனை நாள் காத்திருந்த ஒரே வார்த்தையை நான் அப்போதும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

“வந்துட்டனுங்ணா” என்றேன்.

“தெரியுதுங்க அம்மிணி. உள்ள வாங்க, இட்லி ஆறுது” என்றார் அவர்.